பாதியில் நிற்கும் குழந்தைகள் ஆய்வுக்கு இடைக்கால நிதி: வழி தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

37 வாரம் நிறையும் முன்பே பிறந்த குழந்தைகளின் மூளை வளர்ச்சியை இரண்டு வயது வரை பின்தொடர்கிறோம். நிதி தந்த அறக்கட்டளை தன் முன்னுரிமையை மாற்றிக்கொண்டதால், இன்னும் மூன்று மாதத்தில் பணம் நின்றுவிடும். 140 குழந்தைகளில் 62 பேருக்குத்தான் 24-ஆம் மாதப் பரிசோதனை முடிந்திருக்கிறது. மற்றவர்களை இப்போது விட்டால் விட்டதுதான், அந்த வயது திரும்ப வராது.

போன வாரம், 900 கிராம் எடையில் பிறந்த ஒரு சிறுமி, குழந்தையின் வளர்ச்சியை அளக்கும் பேய்லி பரிசோதனையில் கட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினாள். அவள் அம்மா மூச்சுவிடாமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

கால நீட்டிப்பு கேட்டோம். காலம் கிடைத்தது, கூடுதல் பணம் கிடைக்கவில்லை. வேறு இரண்டு அறக்கட்டளைகள் புதிய ஆய்வுக்குத்தான் தருவோம் என்றுவிட்டன. வெல்கம், கேட்ஸ் போன்ற பெரிய அறக்கட்டளைகளில் விண்ணப்பம், மதிப்பாய்வு என்று பல மாதம் ஓடிவிடும். குழந்தைகளிடம் எடுத்த ரத்த மாதிரிகள் மைனஸ் 80 டிகிரி உறைபெட்டியில் இருக்கின்றன, அவை காத்திருக்கும். குழந்தைகள் காத்திருக்க மாட்டார்கள். தேவை 14 மாதத்துக்கு ஒரு உளவியலாளர், இரண்டு களப்பணியாளர்கள் சம்பளம் மட்டும்.

ஏற்கெனவே நடந்துகொண்டிருக்கும் குழந்தைகள் தொடராய்வுக்கு, மூன்று மாதத்துக்குள் முடிவு சொல்லி இடைக்கால நிதி தரும் அறக்கட்டளை எது?