வலி போய்விட்டது, ஸ்டீராய்டை அம்மா நிறுத்தலாமா?

கோத்தகிரி மகள்:
அம்மாவுக்கு 68 வயது. மார்கழிக் குளிரில் ஆரம்பித்தது. இரண்டு தோளும் இடுப்பும் இறுகிப்போய், தலை வாரக்கூட கையைத் தூக்க முடியாமல், கட்டிலை விட்டு எழ யாராவது பிடிக்கவேண்டியிருந்தது, வெயில் ஏறினால்தான் கொஞ்சம் இளகும். கோயம்புத்தூரில் வாதநோய் டாக்டர் உடம்பில் அழற்சி இருப்பதைக் காட்டும் ரத்தப் பரிசோதனைகளான ஈஎஸ்ஆர், சிஆர்பி இரண்டும் கூடியிருப்பதைப் பார்த்துவிட்டு பாலிமயால்ஜியா ருமேட்டிகா என்றார். பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரை 15 மி.கி. தொடங்கிய சில நாளிலேயே அம்மா பழையபடி நடமாடினார். இப்போது 10 மி.கி. முகம் உப்பிவிட்டது, தூக்கமும் சரியில்லை. 'எலும்பைத் தின்னுடும், வலிதான் போயிடுச்சே, நிறுத்து' என்று சொந்தக்காரர்கள் சொல்ல, அம்மாவும் அதே பிடிவாதத்தில் இருக்கிறார்.

குன்னூர் பெரியவர்:
நிறுத்த விடாதேம்மா. எனக்கும் இதே நோய்தான். மாத்திரை வலியை அடக்கி வைத்திருக்கிறது, நோய் இன்னும் உள்ளே இருக்கிறது. அதோடு, வெளியிலிருந்து ஸ்டீராய்டு வருவதால் உடம்புக்கான ஸ்டீராய்டைத் தானே சுரக்கும் அட்ரினல் சுரப்பி தன் வேலையைக் குறைத்துக்கொள்ளும், திடீரென்று விட்டால் ரத்த அழுத்தம் இறங்கி, வாந்தி மயக்கம் வந்து உயிருக்கே ஆபத்தாகலாம். 10-க்குக் கீழே பெரும்பாலும் மாதம் 1 மி.கி. என்றுதான் குறைப்பார்கள். ஒன்றிரண்டு வருடம் ஆகும், சிலருக்கு அதற்கு மேலும். எனக்கு 7-லிருந்து 6-க்கு இறங்கியபோது தோள் மறுபடி பிடித்துக்கொண்டது, டாக்டர் பழைய அளவுக்கே ஏற்றி, அப்புறம் இன்னும் மெதுவாகக் குறைத்தார். மாத்திரையைக் காலையில் சாப்பிட்ட பிறகு போடச் சொல், ராத்திரித் தூக்கம் கொஞ்சம் தேறும்.

கொடைக்கானல் நர்ஸ்:
எலும்பு பற்றிய பயம் நியாயமானதுதான். ஆனால் அதற்கு வழி இருக்கிறது: கால்சியம், வைட்டமின் டி, எலும்பின் அடர்த்தியைப் பார்க்கும் டெக்ஸா ஸ்கேன், தேவைப்பட்டால் எலும்புக்கென்றே தனி மாத்திரை, எல்லாவற்றையும் டாக்டரிடம் கேளுங்கள். பலர் கோட்டைவிடுவது சுகரில்தான். காலையில் போடும் பிரெட்னிசோலோன் மதியத்துக்கு மேல்தான் சுகரை ஏற்றும், வெறும் வயிற்றில் மட்டும் ரத்தம் கொடுத்தால் நார்மல் என்று வந்துவிடும். மதியச் சாப்பாட்டுக்கு இரண்டு மணி நேரம் கழித்தும் பாருங்கள்.

இன்னொன்று, இதுதான் முக்கியம். நெற்றிப்பொட்டில் புதிதாக வலி, தலையில் சீப்பு பட்டாலே நோவு, மெல்லும்போது தாடை வலி, பார்வை மங்கல், இதில் எது வந்தாலும் ஒரு நாள்கூடத் தள்ளக் கூடாது. தலையின் ரத்தக்குழாய்கள் வீங்கும் ஜயன்ட் செல் ஆர்டரைட்டிஸ் இந்த நோயோடு சேர்ந்து வரக்கூடியது. அதில் பார்வை போய்விடலாம், போன பார்வை பெரும்பாலும் திரும்பாது.

கோத்தகிரி மகள்:
அக்கா, நிறுத்த வேண்டாம் என்று அம்மாவிடம் பேசிவிட்டேன். ஆனால் நீங்கள் எழுதியதைப் படித்துக் காட்டியபோது, முந்தாநாளிலிருந்து சப்பாத்தி மென்றால் தாடை வலிக்கிறது என்கிறார். பார்வை நன்றாகத்தான் இருக்கிறதாம். அடுத்த வாரம் எப்படியும் கோவை போகிறோம், அப்போது சொன்னால் போதுமா?

கொடைக்கானல் நர்ஸ்:
போதாது. இப்போதே டாக்டருக்குப் போன் போடுங்கள். பல்வலியாகவே இருக்கலாம், ஆனால் அதை அவர் சொல்லட்டும். அவருக்குச் சந்தேகம் இருந்தால் நெற்றிப்பொட்டு ரத்தக்குழாயில் சிறு துண்டு எடுத்துப் பார்க்கும் பயாப்சி முடிவுக்குக்கூடக் காத்திருக்காமல் அளவை 40, 60 மி.கி. என்று ஏற்றுவார். அவர் கிடைக்கவில்லை என்றால் பக்கத்திலுள்ள பெரிய ஆஸ்பத்திரிக்கு இன்றைக்கே போய், நோயின் பெயரையும் இப்போது போடும் அளவையும் முதலில் சொல்லுங்கள். மாத்திரை அட்டையைக் கையோடு எடுத்துக்கொண்டு போங்கள்.