லண்டன் – நியூயார்க்: போக ஒரு நேரம், வர ஒரு நேரமா?

கேள்வி: லண்டனின் ஹீத்ரோ விமான நிலையத்துக்கும் நியூயார்க்கின் கென்னடி விமான நிலையத்துக்கும் இடையே வான்வழித் தொலைவு ஏறத்தாழ 5,540 கி.மீ. அப்படியிருக்க, போவதற்குச் சுமார் 8 மணி நேரமும் திரும்புவதற்கு ஏறக்குறைய 7 மணி நேரமும் ஆவது ஏன்? பூமி சுழல்வதாலா?

பதில் 1: காற்றுமண்டலமும் பூமியோடு சேர்ந்தே சுழல்வதால், நீங்கள் எண்ணும் விதத்தில் அது காரணமன்று. வட அட்லாண்டிக்கின் மேல், சுமார் 10 கி.மீ. உயரத்தில், மேற்கிலிருந்து கிழக்கு நோக்கி அதிவேகமாகப் பாயும் காற்றான ஜெட் காற்றோட்டம் லண்டன் திரும்பும் விமானத்தைப் பின்னிருந்து உந்துகிறது. எதிர்த்திசையில் செல்பவை அதைத் தவிர்க்கச் சற்றுச் சுற்றியும் பறக்கின்றன.

பதில் 2: குளிர்காலத்தில் ஜெட் காற்றோட்டம் வலுப்பதால் இவ்வேறுபாடு மிகும். 2020 பிப்ரவரியில் பிரிட்டிஷ் ஏர்வேஸ் விமானமொன்று நியூயார்க்கிலிருந்து 4 மணி 56 நிமிடத்தில் லண்டனை அடைந்தது.

பதில் 3: பயணச்சீட்டில் உள்ளூர் நேரமே இருக்கும், இரு நகரங்களின் கடிகாரங்களுக்கு இடையே வழக்கமாக உள்ள 5 மணி நேர வேறுபாட்டை மறவாதீர்கள்.