பேஸ் கிற்றாருக்கு என்ன அம்ப்? வன்னியில் சின்ன நிகழ்ச்சிகளுக்கு

பரந்தன்_பேஸ்

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் இசைக்குழுவில் கீபோட், ஒக்ரபாட் (தட்டினால் ட்ரம் சத்தம் தருகிற மின் பலகை), தபேலா, லீட் கிற்றார், அதோடு என்னுடைய நாலு தந்தி பேஸ். கலியாண வரவேற்பு, பூப்புனித நீராட்டு விழா, திருவிழாக் காலத்தில் கோயில் வீதியில் ஒன்றிரண்டு இரவு என்று முழங்காவில் முதல் புதுக்குடியிருப்பு வரை போய் வருகிறோம். இதுவரை பேஸை நேரே மிக்ஸரில் கொடுத்துத்தான் வாசிக்கிறேன். முன்னால் இருக்கிற சனத்துக்குக் கேட்கிறதாம். மேடையில் எனக்குக் கேட்பதில்லை. விரல் போன இடத்தை நம்பித்தான் வாசிப்பு.

பாவித்த அம்ப் (பேஸின் சத்தத்தைப் பெருக்குகிற பெட்டி) மூன்று பார்த்து வைத்திருக்கிறேன். ஒன்று 40 வாற், பத்து அங்குல ஸ்பீக்கர். மற்றது ஃபென்டர் ரம்பிள் 100, பன்னிரண்டு அங்குலம். மூன்றாவது 300 வாற் தலையும் (ஸ்பீக்கர் இல்லாத தனி அம்ப்) நாலு பத்து அங்குல ஸ்பீக்கர் உள்ள பெரிய பெட்டியும். பெரியதற்கு விலை எதிர்பார்த்ததை விடக் குறைவு. என்னிடம் இருப்பது மோட்டார் சைக்கிள். எதை எடுக்கலாம்?

மல்லாவி_ஒலியமைப்பு

தம்பி, மிக்ஸருக்குப் பின்னால் நிற்கிறவனாகச் சொல்கிறேன், அம்பே வேண்டாம். நல்ல டி.ஐ பெட்டி ஒன்று வாங்குங்கள், பேஸின் சிக்னலை மிக்ஸருக்கு ஏற்றபடி மாற்றித் தருகிற சின்னப் பெட்டி அது. மேடையில் பேஸ் அம்பைக் கூட்டி வைத்தால் அந்தச் சத்தம் பாடுகிறவரின் மைக்குக்குள் போகும். பிறகு நான் மிக்ஸரில் பேஸைக் குறைத்தாலும் குறையாது, பாட்டு முழுக்கக் கலங்கிவிடும். உங்களுக்குக் கேட்க வேண்டுமென்றால் ஒரு மொனிற்றர், அதாவது வாசிப்பவரைப் பார்த்து வைக்கிற ஸ்பீக்கர், தரச் சொல்லுங்கள்.

முத்தையன்கட்டு_தாழ்சுதி

அண்ணை சொல்வது முழு சவுண்ட் செற் வருகிற இடத்துக்குச் சரி. ஆனால் எங்கள் பக்கம் எத்தனை நிகழ்ச்சிக்கு மேடையில் மொனிற்றர் வைக்கிறார்கள்? வந்தால் ஒன்று வரும், அது பாடுகிறவருக்கு. சில கோயில் வீதிகளில் பந்தலுக்கு இரண்டு பெட்டி, மிச்சமெல்லாம் மரத்தில் கட்டிய கூம்பு ஸ்பீக்கர். பேஸின் தடித்த ஈ தந்தி 41 ஹேர்ட்ஸ். கூம்பு ஸ்பீக்கர் சில நூறு ஹேர்ட்ஸுக்குக் கீழே எதையும் ஒழுங்காகத் தராது. அங்கே அம்ப் இல்லாமல் போனால் பேஸ் வாசிப்பவர் மேடையில் வெறுமனே நிற்கிறார் என்றுதான் அர்த்தம். பேஸ் கேட்காத குழுவில் தபேலாக்காரருக்கும் பிடிமானம் இல்லை, பாடுகிறவரின் சுருதியும் அலையும். இதை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

தம்பி, ரம்பிள் 100-ஐ எடுங்கள். கிட்டத்தட்ட 10 கிலோ. மோட்டார் சைக்கிள் கரியரில் பழைய சாக்கை மடித்துப் போட்டு, ரியூப்பால் இறுக்கிக் கட்டினால் ஒட்டுசுட்டானிலிருந்து மாங்குளம் வரைக்கும் அசையாது. நான் அப்படித்தான் கொண்டு திரிகிறேன். பின்பக்கத்தில் எக்ஸ்.எல்.ஆர் வெளியீடு (மைக் வயர் போல மூன்று முனை உள்ளது) இருக்கிறது. அங்கிருந்து ஒரு வயர் அண்ணையின் மிக்ஸருக்குப் போகட்டும். அம்ப் உங்கள் காதுக்கு, சவுண்ட் செற் சனத்துக்கு. அப்படிப் பிரித்துக்கொண்டால் அம்பை முறுக்க வேண்டிய தேவையே வராது, அண்ணையின் மைக்கும் தப்பும்.

வாற் கணக்கை மட்டும் பார்த்து மயங்க வேண்டாம். 40-இலிருந்து 100-க்குப் போனால் கூடுவது 4 டெசிபெல்தான். சத்தம் இரண்டு மடங்காகக் காதுக்குப் படுவதற்கு ஏறக்குறையப் பத்து மடங்கு வாற் வேண்டும். ஆனால் பன்னிரண்டு அங்குல ஸ்பீக்கரும் பெரிய பெட்டியும் கீழ்ச்சுரத்தில் கூடுதல் காற்றைத் தள்ளும், அதுதான் உண்மையான வித்தியாசம். உங்களிடம் ட்ரம் செற் இல்லை, ஒக்ரபாட்தான். அதனால் மண்டபத்துக்குள் 40 வாற்றும் தாங்கும். வெளியில் தாங்காது. வைகாசியில் வற்றாப்பளைப் பொங்கலை ஒட்டி எங்கள் பக்கத்து ஊர்களில் வாசிக்கிறபோது மேடையைச் சுற்றி ஒரு சுவரும் இருக்காது. திருப்பி அனுப்ப ஒன்றுமில்லாததால் பேஸ் வயல்வெளிக்குள் போய்விடும்.

பொதுநோக்கு மண்டபம் இதற்கு நேரெதிர். தகரக் கூரை, சீமெந்துத் தரை, மூலையில் அம்பை வைத்தால் ஒரே இரைச்சல். மூலையை விட்டு விலக்கி, மர வாங்கில் ஏற்றி, முகத்தைக் கொஞ்சம் மேலே சாய்த்து வையுங்கள். தரையோடு சேர்ந்து வீங்குகிற சத்தம் குறையும், உங்கள் காதுக்கும் நேரே வரும். அப்புறம் பேஸ் குமிழை மேலும் திருகாமல் நடுச்சுரத்தைக் கூட்டிப் பாருங்கள். ஒக்ரபாட்டின் கிக் (காலால் அடிக்கிற பெரிய ட்ரம்மின் சத்தம்) 60 ஹேர்ட்ஸ் அளவில் இடிக்கும், அந்த இடத்தில் அதோடு மோதி வெல்ல முடியாது. ஈ தந்தி அதிரும்போது 41 ஹேர்ட்ஸோடு அதன் இரட்டிப்பான 82-உம், அதற்கு மேலுள்ள மடங்குகளும் சேர்ந்தே ஒலிக்கும். மேலே உள்ளவை தெளிவாகக் கேட்டால் அடிச்சுரத்தைக் காது தானாகவே நிரப்பிக்கொள்ளும்.

பெரிய பெட்டி நல்ல சாமான்தான், குறை சொல்லவில்லை. ஆனால் அப்படிப்பட்டவை பெரும்பாலும் 30 கிலோவுக்கு மேல். ஒவ்வொரு முறையும் ஓட்டோ பிடிக்கிற காசையும் விலையோடு சேர்த்துப் பாருங்கள். இன்னொன்று, தலையில் 300 வாற் என்று போட்டிருந்தால் பெரும்பாலும் அது 4 ஓம் பெட்டிக்குத்தான் (ஓம் என்பது ஸ்பீக்கரின் மின்தடை, பெட்டியின் பின்னால் எழுதியிருக்கும்). பெட்டி 8 ஓம் என்றால் பாதிக்குக் கொஞ்சம் கூடத்தான் கிடைக்கும்.

பரந்தன்_பேஸ்

நன்றி அண்ணை, நன்றாக விளங்கியது. இரண்டு சந்தேகம். எப்போதாவது தேவாலய நிகழ்ச்சியில் முழு ட்ரம் செற்றோடு வாசிப்பேன், அதற்கு 100 போதுமா? மற்றது, கரண்ட் இல்லாத இடத்தில் ஜெனரேற்றரில் போடுகிறபோது அம்புக்கு ஏதும் நடக்குமா? இரைச்சலும் வரும் என்கிறார்கள்.

முத்தையன்கட்டு_தாழ்சுதி

ட்ரம் வாசிப்பவர் அடக்கி அடித்தால் போதும். ஓங்கி அடிப்பவர் என்றால் அம்பை உங்கள் காதுக்கு வைத்துக்கொண்டு மிச்சத்தை சவுண்ட் செற்றிடம் விடுங்கள்.

ஜெனரேற்றர் விஷயம் கவனமாகக் கேளுங்கள். மேடை விளக்கெல்லாம் ஒன்றாக அணையும்போது வோல்ற் மேலே துள்ளும், எல்லாம் ஏற்றும்போது கீழே விழும். நல்ல வோல்ற்றேஜ் ஸ்டெபிலைஸர் ஒன்று வைத்திருங்கள். லைனிலிருந்து ஜெனரேற்றருக்கு மாற்றுகிற நேரம் அம்பை அணைத்து பிளக்கைக் கழற்றிவிடுங்கள். மிக்ஸருக்குப் போகிற அதே பலகையிலேயே உங்கள் அம்பையும் செருகுங்கள். வேறு வேறு இடத்தில் கரண்ட் எடுத்தால் கை தந்தியில் இருக்க உதடு மைக்கில் படும்போது ஷொக் அடிக்கலாம்.

இரைச்சல் வந்தால் எக்ஸ்.எல்.ஆர் வெளியீட்டின் அருகிலோ டி.ஐ பெட்டியிலோ உள்ள கிரவுண்ட் லிஃப்ட் பொத்தானை அழுத்துங்கள். அது சிக்னல் வயரின் எர்த்தை மட்டும் பிரிக்கும். மூன்று முனை பிளக்கின் எர்த் முனையை வெட்டவோ டேப் சுற்றவோ யார் சொன்னாலும் விடாதீர்கள். மழை நாளில் ஈர மண்ணில் நின்று வாசிக்கிற எங்களுக்கு அந்த ஒரு முனைதான் உயிர்க்காப்பு.

வாங்கப் போகிறபோது உங்கள் பேஸையும் வயரையும் கொண்டு போங்கள். வெறும் ஈ தந்தியை அடித்து முழுக்கத் தேயும் வரை கேளுங்கள், கரகரப்போ அடிபடுகிற சத்தமோ இருந்தால் ஸ்பீக்கர் பழுது. எல்லாக் குமிழையும் திருகிப் பாருங்கள். குமிழ் கரகரத்தால் துப்புரவாக்கலாம், ஸ்பீக்கர் கரகரத்தால் விட்டுவிட்டு வாருங்கள். எக்ஸ்.எல்.ஆர் வெளியீட்டை ஒரு மிக்ஸரில் போட்டுப் பார்க்காமல் காசு கொடுக்க வேண்டாம். சில அம்பில் மாஸ்டரை (மொத்தச் சத்தக் குமிழை) திருகினால் அந்த வெளியீடும் கூடிக் குறையும், சிலதில் அப்படி இல்லை. அதையும் அங்கேயே பார்த்துவிடுங்கள்.

மல்லாவி_ஒலியமைப்பு

மாஸ்டர் விஷயம் எனக்கு முக்கியம். பாட்டின் நடுவில் தம்பி அம்பைக் கூட்டினால் என் பக்கமும் கூடக் கூடாது. அப்படிக் கூடுகிற அம்ப் என்றால் டி.ஐ பெட்டியைத் தனியாக வாங்கி, பேஸை முதலில் அதில் கொடுங்கள். அங்கிருந்து ஒன்று எனக்கு, ஒன்று அம்புக்கு. எக்ஸ்.எல்.ஆர் வயர் பத்து மீற்றருக்குக் குறையாமல் எடுங்கள், மேடையின் ஓரத்தில் என் பெட்டி இருக்கும் இடம் ஒவ்வொரு ஊருக்கும் மாறும்.