இலை கொட்டினா காடு செத்துப்போச்சா? பென்னாகரம் பக்கத்துக் கரட்டுக்காக ஒரு சண்டை

துரிஞ்சிக்காடு:
நேத்து ஊர் வாட்ஸ்அப் குழுவுல ஒருத்தர் எங்க கரட்டை, அந்தப் பாறைக்குன்றுக் காட்டை, படம் எடுத்துப் போட்டு, "காடு செத்துப்போச்சு, பொக்லைன் விட்டுச் சுத்தம் பண்ணி 2,000 கன்னு நடலாம்"னு எழுதியிருக்கார். ஆளாளுக்குக் கைதட்டல். படிச்சதுல இருந்து வயிறு எரியுது.

அது செத்த காடு இல்லைங்க. மாசியில இருந்து சித்திரை வரைக்கும் இலை கொட்டி நிக்கிற காடு. துரிஞ்சி, வெப்பாலை, ஆச்சா எல்லாம் அப்படித்தான். மண்ணுல ஈரம் குறைஞ்சா அப்சிசிக் அமிலம்னு ஒண்ணு செடிக்குள்ள கூடும். அது இலைத்துளையை மூடச் சொல்லும். மூடியும் தாங்கலைன்னா மரம் இலையையே உதிர்த்துடும். இலை இருந்தா தண்ணி ஆவியாப் போய்க்கிட்டே இருக்கும், அதனால. உசுரைக் காப்பாத்திக்க மரம் பண்ற வேலையைச் சாவுன்னு எழுதலாமா?

இன்னைக்கு விடியக்காலம் போய், படத்துல இருக்கிற அதே துரிஞ்சியை நகத்தால கீறினேன். மேல சாம்பல் பட்டை. அடியில பச்சைப்பயறு நிறத்துல ஒரு கோடு. விரல் வெச்சா பிசுபிசுன்னு ஈரம். போட்டோ எடுத்தவர் ஒரு தடவை நகத்தால கீறிப் பார்த்தாரா?

நட்டுவைப்போம்:
அந்த "ஒருத்தர்" நான்தாங்க. பேரைச் சொல்லியே கேட்கலாம்.

பச்சை தெரிஞ்சா உசுரு இருக்குன்னு எந்த ஊர் கணக்கு? வெட்டிப் போட்ட வேப்பங்கிளையைக் கீறிப் பாருங்க, அதுலயும் சில நாளைக்குப் பச்சை இருக்கும். அந்தக் கிளை வேர் விட்டு நிக்குமா? மரத்துக்கு வேர் செத்தாலும் தண்டுல பச்சை உடனே போயிடாது. எங்க கீறினீங்க அண்ணா, நுனியிலயா அடியிலயா? அதை முதல்ல சொல்லுங்க.

துரிஞ்சிக்காடு:
இடுப்பு உயரத்துல கீறினேன்.

நட்டுவைப்போம்:
அப்ப வேரைப் பார்க்கலை. போன வருஷம் தீ ஏறின கரடு அது. வேரும் தண்டும் சேர்ற வேர்க்கழுத்து வெந்திருந்தா இடுப்புல இருக்கிற பச்சையை வெச்சு என்ன பண்றது?

துரிஞ்சிக்காடு:
தம்பி, தீ ஏறினது கிழக்குச் சரிவு. நீங்க படம் எடுத்தது மேற்குச் சரிவு. பெரிய பாறைக்கு இந்தப் பக்கம். ஆடு மேய்க்கிற சின்னப் பையனைக் கேட்டாக் கூடச் சொல்லுவான்.

வெந்த பக்கமும் போனேன். தரைக்கு மேல கரிக்கட்டை. கழுத்துல மண்ணை விலக்கினா அரிசி மணி மாதிரி மொட்டு நாலு அஞ்சு முட்டிக்கிட்டு நிக்குது. பட்டைக்கு அடியில வருஷக்கணக்கா தூங்கிக்கிட்டு இருந்த மொட்டு, மேல் உடம்பு போனதும் முழிக்குது. வேர்ல சேர்த்து வெச்ச மாவுச்சத்துதான் அதுக்குச் சோறு. சந்தனம் வேர்ல இருந்தே பக்கக்கன்னு விடும். பொக்லைன் ஏறினா மொட்டு, வேர், மண்ணுல கிடக்கிற விதை எல்லாம் ஒரே இழுப்புல போயிடும். நீங்க கீறினீங்களா இல்லையா, அதுக்குப் பதில் வரலை.

காவேரிப்பட்டணம் மாந்தோப்பு:
நடுவுல வர்றதுக்கு மன்னிக்கணும். 2024 கோடையில எங்க பக்கம் டேங்கர்ல தண்ணி வாங்கி மாமரத்துக்கு ஊத்தினோம். நடவுக்காரர் கேட்ட நுனியா அடியாங்கிற கேள்வி சரியான கேள்விதான். என் கிளிமூக்கு மரம் ஒண்ணு உச்சியில இருந்து காய ஆரம்பிச்சுது. நுனியில கீறினா பழுப்பு, ஒடிச்சா சுள்ளி மாதிரி சத்தம். ரெண்டு முழம் கீழ கீறினேன், பச்சை. பச்சை தெரியிற இடம் வரைக்கும் வெட்டினேன், மழைக்கு அப்புறம் செந்துளிர் வந்துச்சு. தண்ணி ஏறுற குழாய்ல காத்துக்குமிழி அடைச்சா அதுக்கு மேல இருக்கிறது போயிடும்னு விவசாய அதிகாரி சொன்னார்.

துரிஞ்சிக்காடு:
அண்ணா, உங்களுக்கு மரியாதை உண்டு. ஆனா மா வேற, துரிஞ்சி வேற. மா வருஷம் பூரா பச்சையா நிக்கிற மரம், அது மொட்டையா நின்னா கவலைப்படணும். துரிஞ்சி மொட்டையா நின்னா வெயில் காலம், அவ்வளவுதான். தோப்புக்கணக்கைக் கரட்டுக்குக் கொண்டு வந்ததுலதான் இந்தக் குழப்பமே வந்துச்சு.

காவேரிப்பட்டணம் மாந்தோப்பு:
தர்மபுரிக்காரங்களுக்குத் தோப்புன்னாலே ஒரு இளக்காரம். 2004ல தர்மபுரியில இருந்து எங்க கிருஷ்ணகிரி மாவட்டம் பிரிஞ்சதுல இருந்து இதையேதான் பார்க்கிறேன்.

ஆட்டுக்காரர் மகன்:
மாவட்டம் எங்க வந்துச்சு இங்க? வேற ஒண்ணு கேக்கறேன். போன மாசம் இதே இடத்துல துரிஞ்சிக்காடு அண்ணா "ஆடுதான் காட்டை அழிக்குது"ன்னு எழுதினார். எங்கப்பா நாப்பது வருஷமா அந்தக் கரட்டுல மேய்க்கிறார். அப்படி அழிச்சிருந்தா இன்னைக்குக் கீறிப் பார்க்க உங்களுக்கு மரம் எங்க இருந்து வந்துச்சு?

துரிஞ்சிக்காடு:
ஆட்டை ஒழிக்கணும்னு நான் எழுதலை. வெந்த கட்டையில வர்ற முதல் துளிரை ஆடு கடிச்சா வேர்ல இருக்கிற சேமிப்பு கரையும். ரெண்டாவது தடவை துளிர்க்கும், மூணாவது தடவை கடிச்சா முடிஞ்சுபோகும். கிழக்குச் சரிவை மட்டும் ரெண்டு மழைக்காலம் விட்டுடுங்கன்னுதான் கேட்டேன்.

ஆட்டுக்காரர் மகன்:
அந்த ரெண்டு வருஷம் தழை யார் தருவா? நீங்களா?

நட்டுவைப்போம்:
அதையேதான் நானும் சொல்றேன். "விட்டுடுங்க, தானா வரும்"னு சொல்லிச் சொல்லியே இருபது வருஷம் போச்சு. தானா வந்தது உண்ணிச்செடிங்கிற லாண்டானா களை மட்டும்தான். நாங்க வெயில்ல கடப்பாறை பிடிக்கிற ஆளுங்க. நகத்தை வெச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்கலை.

துரிஞ்சிக்காடு:
கடப்பாறை பிடிச்ச கதையைச் சொல்லட்டுமா? மூணு வருஷத்துக்கு முன்னாடி ஏரிக்கரையில புங்கன் நட்டீங்க. ஆவணியில நட்டிருந்தா மழை பார்த்துக்கும். பேனர் வெச்சு, தை மாசக் கடைசியில நட்டீங்க. கன்னோட கருப்பு நெகிழிப் பையைக் கூட முழுசாக் கிழிக்கலை. நான் ஒண்ணைப் பிடுங்கிப் பார்த்தேன். வேர் பைக்குள்ளயே சும்மாடு மாதிரி சுத்திக்கிட்டு இருந்துச்சு. இன்னைக்கு அங்க கம்பி வலை மட்டும்தான் நிக்குது.

உண்ணிச்செடியும் அமெரிக்கப் பக்கத்துல இருந்து அழகுக்குன்னு கொண்டு வந்ததுதான், தானா வரலை. மேல வெட்டினா அதுவும் கழுத்துல இருந்துதான் துளிர்க்கும். கழுத்துக்குக் கீழ வெட்டித் தலைகீழாக் கவிழ்த்துப் போடணும். துரிஞ்சிக்கு இருக்கிற அதே குணம்தான். அதைப் புரிஞ்சுக்காம பொக்லைன் விட்டா துரிஞ்சி போயிடும், மறுமழைக்கு உண்ணி வந்து நிக்கும்.

நட்டுவைப்போம்:
நெகிழிப் பையைக் கிழிக்காதது பள்ளிக்கூடப் பசங்க. அதை மூணு வருஷமா சொல்லிக் காட்டறீங்க. அன்னைக்கு நீங்க ஒரு குடம் தண்ணி ஊத்தினீங்களா?

அரூர் வாசகி:
நகம் நகம்னு எல்லாரும் ஒரே இடத்துல நிக்கறீங்க. 2024 டிசம்பர் மழையை மறந்துட்டீங்களா? ஊத்தங்கரையில ஒரே நாள்ல 50 செ.மீ. கொட்டுச்சு. எங்க பள்ளக்காட்டுல பன்னெண்டு நாள் தண்ணி நின்னுச்சு. அப்புறம் கொய்யா வாடி மஞ்சளாச்சு. வாடுதேன்னு என் தம்பி இன்னும் தண்ணி விட்டான். நான் தண்டைக் கீறினேன், நல்ல பச்சை. வேரைத் தோண்டினா கறுத்து, அழுகின முட்டை நாத்தம். தண்ணி தேங்கினா வேருக்கு மூச்சு கிடைக்காது. மேல பார்த்தா வறட்சி மாதிரியே இருக்கும். பிஞ்சு பிடிச்சிருந்த மரம், ஒரு மாசத்துல போயிடுச்சு.

நட்டுவைப்போம்:
பார்த்தீங்களா! பச்சை இருந்தும் செத்துச்சு. அக்கா சொல்லிட்டாங்க.

அரூர் வாசகி:
உங்களுக்குச் சாதகமா நான் ஒண்ணும் சொல்லலைங்க. பொக்லைன் விடறதும் எனக்குப் பிடிக்கலை.

துரிஞ்சிக்காடு:
அக்கா, உங்க கொய்யாவுக்கு வருத்தமா இருக்கு. ஆனா அது பள்ளம். எங்களது கரடு, பாறைச் சரிவு. மழை பெஞ்ச மறுநாளே கால் நனையாது. அங்க எந்த வேர் அழுகும்?

காவேரிப்பட்டணம் மாந்தோப்பு:
நுனியில கீறினா என்ன வந்துச்சுன்னு துரிஞ்சிக்காடு இன்னும் சொல்லலை. நான் ரெண்டு தடவை படிச்சுட்டேன்.

துரிஞ்சிக்காடு:
நுனி எட்டலை அண்ணா. பதினஞ்சு அடி மரம்.

நட்டுவைப்போம்:
அதானே!

துரிஞ்சிக்காடு:
என்ன "அதானே"? எட்டினது வரைக்கும் பதினொரு மரம் கீறினேன். ஒன்பதுல பச்சை, ரெண்டுல பழுப்பு. பழுப்பு வந்த ரெண்டையும் மறைக்கலை, படத்தோட போடறேன். நீங்க ஒரு மரத்தையாவது தொட்டீங்களா? ஞாயித்துக்கிழமை காலையில ஆறு மணிக்குப் பாறைக்கிட்ட நிக்கறேன். ஏணி நான் கொண்டு வர்றேன். பொக்லைன்காரருக்குக் குடுத்த முன்பணத்தை அதுக்குள்ள திருப்பி வாங்கிடுங்க.

நட்டுவைப்போம்:
ஞாயித்துக்கிழமை எங்களுக்கு நடவு இருக்கு.

ஆட்டுக்காரர் மகன்:
சித்திரையில நடவா?