இடி விழுந்த இரவில் பழுதான சாதனங்கள்: மின்னலா, நியூட்ரல் அறுந்ததா?

கேள்வி – மலையடிவாரத்தான்

எங்கள் வீடு தென்காசி மாவட்டத்தில் மலையடிவாரத்தில் உள்ளது. ஐப்பசி பிறந்துவிட்டால் மாலைதோறும் இடியும் மின்னலும்தான். சென்ற வாரம் பக்கத்துத் தோப்பில் ஒரு தென்னையின் மேல் இடி விழுந்த அதே நொடியில் எங்கள் இணைய மோடமும், அதனுடன் கம்பியால் இணைத்திருந்த தொலைக்காட்சியும் அணைந்தன. மோடத்தில் அந்தக் கம்பியைச் செருகும் துளை கருகியிருக்கிறது. ஆனால் மின்சாரத்தைத் தானாகத் துண்டிக்கும் எம்சிபி சுவிட்ச் எதுவும் விழவில்லை. அரைமணி நேரம் கழித்துப் பலத்த காற்று வீசியபோது, தெருக்கோடியிலுள்ள வீடுகளில் விளக்குகள் கண் கூசும்படி எரிந்து ஃபியூஸ் போயின. ஒரு வீட்டில் ஃபிரிட்ஜும் பழுதாகிவிட்டது. எல்லாமே மின்னலால் வந்த பழுது என்கிறார் எலக்ட்ரீசியன். அப்படித்தானா? இனி என்ன பாதுகாப்புச் செய்துகொள்ள வேண்டும்?

பதில் 1 – ஒயரிங் பணியாளர்

இரண்டும் வேறு வேறு பழுதுகள் என்றே நினைக்கிறேன், ஐயா. மின்னல் அருகில் விழும்போது சர்வீஸ் ஒயரிலும் கேபிளிலும் தூண்டப்படும் மிகை மின்னழுத்தம் மைக்ரோ விநாடிக் கணக்கில் வந்து போய்விடும். விளக்கு சில நிமிடங்கள் பிரகாசமாக எரிந்ததென்றால் அது மின்னலின் வேலை அன்று. காற்றில் தெருக்கோடிக்கு முன்னால் எங்கோ நியூட்ரல் கம்பி, அதாவது எல்லா வீடுகளுக்கும் பொதுவாக மின்சாரம் திரும்பிச் செல்லும் கம்பி, அறுந்திருக்கும். அப்போது வெவ்வேறு பேஸ்களில் (மின்சாரம் கொண்டுவரும் கம்பிகளில்) உள்ள வீடுகள் இரண்டு பேஸ்களுக்கிடையே தொடராக இணைந்துவிடுவதால், 230 வோல்ட் வரவேண்டிய வீட்டில், குறைந்த மின்சுமை இருக்குமானால், 400 வோல்ட்டை நெருங்கும் அழுத்தம்கூட வரலாம். அறுந்த இடத்துக்கு முன்னால் இருப்பதால் உங்கள் வீடு தப்பியிருக்கிறது. விளக்கு திடீரென்று கூடுதலாக ஒளிர்ந்தால் அந்தக் கணமே மெயின் சுவிட்சை அணைக்க வேண்டும் என்பதைத் தெருவில் எல்லோருக்கும் சொல்லுங்கள்.

எம்சிபி விழாததில் வியப்பில்லை. அதிக மின்சுமையும் ஷார்ட் சர்க்யூட்டும் ஏற்பட்டால் துண்டிப்பதே அதன் வேலை. மைக்ரோ விநாடியில் பாயும் அழுத்தத்தை அது தடுக்காது. ஸ்டெபிலைசரையும் இதற்கு நம்ப முடியாது.

பதில் 2 – எர்த்_முக்கியம்

மின்னலுக்கு மெயின் போர்டில் சர்ஜ் புரொடெக்டர் பொருத்தலாம். கம்பத்திலிருந்து தலைக்கு மேலாக ஒயர் வரும் வீடு என்பதால் டைப் 1 (நேரடி மின்னலின் மின்னோட்டத்தைத் தாங்குவது), டைப் 2 (தூண்டப்படும் மிகை அழுத்தத்தைக் கட்டுப்படுத்துவது) இரண்டும் சேர்ந்த வகையைக் கேட்டு வாங்குங்கள். ஆனால் அதற்கு முன் எர்த் குழியைப் பாருங்கள். மிகை அழுத்தத்தை அந்தக் கருவி எர்த்துக்குத் திருப்பிவிடுகிறது. எர்த் சரியில்லையென்றால் அதை வாங்கி மாட்டியும் பெரிதாகப் பயனில்லை. பாறை நிலத்தில் மின்தடை அதிகமாக இருக்கும் என்பதால் அளந்து பார்த்து, 5 ஓமுக்குக் கீழே கொண்டுவர முயலுங்கள். வேண்டுமானால் இன்னொரு குழி வெட்டி இரண்டையும் இணையுங்கள். கருவியை இணைக்கும் ஒயர்களின் மொத்த நீளம் அரை மீட்டருக்குள் இருக்கட்டும். பலர் மீதி ஒயரைச் சுருட்டி உள்ளே வைத்துவிடுகிறார்கள். அந்தச் சுருளே பாதுகாப்பைக் கெடுத்துவிடும். கருவியின் சிறு சாளரம் பச்சையிலிருந்து சிவப்பாக மாறியிருந்தால் புதியது போட வேண்டும்.

நியூட்ரல் அறுந்தால் இந்தக் கருவி காப்பாற்றாது. நீடித்த மிகை அழுத்தத்தில் அதுவே சூடேறிக் கெட்டுவிடும். தெருக்கோடி வீட்டாருக்கு வேண்டியது, அழுத்தம் கூடினால் மின்சாரத்தைத் துண்டிக்கும் ஓவர் வோல்டேஜ் ரிலே.

பதில் 3 – தோட்டக்காரி

இவ்வளவு செய்தாலும் அருகிலேயே விழும் இடிக்கு முழுப் பாதுகாப்பு கிடையாது. ஆகவே வானம் கருக்கும்போதே பிளக்கைக் கழற்றிவிடுவது மேல். மின்சாரப் பிளக்கை மட்டும் கழற்றிவிட்டுக் கேபிளையும் இணையக் கம்பியையும் விட்டுவிடுகிறோம். உங்கள் மோடத்தின் துளை கருகியதைப் பார்த்தால் அந்த வழியாகத்தான் வந்திருக்க வேண்டும். இடி தொடங்கிய பிறகு எதையும் தொடாதீர்கள். மின்னலுக்கும் ஓசைக்கும் இடையே 3 விநாடி சென்றால் ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் தொலைவு என்று கணக்கு. புனேயிலுள்ள இந்திய வெப்பமண்டல வானிலையியல் நிறுவனத்தின் தாமினி செயலியும் சுற்றுவட்டார மின்னலை முன்கூட்டியே எச்சரிக்கிறது.

கேள்வி கேட்டவர்

மிக்க நன்றி. நியூட்ரல் பற்றித் தெருக்கோடி வீட்டாரிடம் இன்றே சொல்லி, மின்வாரியத்தில் புகார் பதியச் சொல்கிறேன். எங்கள் எர்த் குழியில் கரியும் உப்பும் போட்டுப் பல ஆண்டுகள் ஆகின்றன. முதலில் அதை அளக்க ஆள் வரச் சொல்லியிருக்கிறேன்.