ஆர்டிஎக்ஸ் 3060, ஆர்டிஎக்ஸ் 4060: இரண்டையும் ஒரே மெஷினில் பாவித்த அனுபவம்

உவர்மலையில் இருந்து

திருகோணமலையில் கலியாண வீடியோ எடிட்டிங் செய்கிறேன். வீட்டோடு சேர்ந்த சின்ன அறைதான் ஸ்டூடியோ. 2022 கடைசியில் இருந்து என்னிடம் என்விடியாவின் 12 ஜிபி ஆர்டிஎக்ஸ் 3060 கிராபிக்ஸ் கார்ட் ஓடுகிறது. போன மாதம் சித்தியின் மகன் தன் புதுக் கணினிக்கு ஒரு 4060 வாங்கிக் கொழும்பில் இருந்து இரவு பஸ்ஸில் கொண்டுவந்தான். அவனுடைய மதர்போர்ட் வர இரண்டு கிழமை பிந்தியது. "அண்ணா, சும்மா பெட்டிக்குள்ள கிடக்கிறத உங்கட மெஷினில போட்டுப் பாருங்கோ. பழுது இருந்தா இப்பவே தெரிஞ்சிடும்" என்றான்.

அவனுக்கு முதலில் வந்த பயம் நியாயமானது. 2021 பெப்ரவரியில் வந்த 3060-இல் 3584 கூடா கோர்கள், அதாவது ஒரே நேரத்தில் கணக்குப் போடும் சின்ன அலகுகள். 2023 ஜூனில் வந்த 4060-இல் 3072தான். நினைவகம் 12 ஜிபியில் இருந்து 8 ஆகிவிட்டது. நினைவகப் பாதை 192 பிட்டில் இருந்து 128 ஆகிவிட்டது. நொடிக்கு 360 ஜிபி போய்வந்த இடத்தில் இப்போது 272. புதியதை வாங்கிப் பழையதை விடக் குறைந்ததையா எடுத்துவிட்டேன் என்று கேட்டான்.

இல்லை. 4060-இன் பூஸ்ட் வேகம் 2460 மெகாஹெர்ட்ஸ், 3060-க்கு 1777தான். அதைவிட முக்கியம், சிப்புக்குள்ளேயே இருக்கும் எல்2 கேஷ் என்ற சின்ன நினைவகம் 3 எம்பியில் இருந்து 24 எம்பிக்கு ஏறியிருக்கிறது. அடிக்கடி தேவைப்படும் தரவு பக்கத்திலேயே இருப்பதால் வெளி நினைவகத்துக்கு ஓட வேண்டிய தடவைகள் குறையும். அதனால்தான் ஒடுக்கமான பாதையும் 1080பி விளையாட்டுக்குக் காணுமாக இருக்கிறது. என் மெஷினில் பிளெண்டர் என்ற 3டி மென்பொருளில் ஒரு கலியாண அழைப்பிதழ் அனிமேஷனை இரண்டிலும் ரெண்டர் பண்ணி, அதாவது முழுப் படமாக்கிப் பார்த்தேன். 4060 தெளிவாக முந்தியது, சத்தமும் குறைவு.

மின்சாரம்தான் என்னை உண்மையில் யோசிக்க வைத்தது. 3060 முழு வேலையில் 170 வாட்ஸ், 4060-க்கு 115 வாட்ஸ். வித்தியாசம் 55. கலியாணக் காலத்தில் நாளுக்கு எட்டு மணித்தியாலம் ரெண்டர் ஓடினால் மாதம் 13 யூனிட் அளவில் மிச்சம். 2022 ஆகஸ்டிலும் 2023 பெப்ரவரியிலும் கட்டணம் ஏறியதைப் பார்த்தவர்களுக்கு இது சின்ன விஷயம் இல்லை. கரண்ட் போகும்போது யுபிஎஸ் கூடுதல் நேரம் தாக்குப்பிடித்ததும் கண்முன்னால் தெரிந்தது. மதிய வெக்கையில் அந்த அறையில் இருப்பவனுக்கு 55 வாட்ஸ் சூடு குறைவது பெரிய ஆறுதல்.

சரி, மாற்றிவிடலாமா என்று நினைத்துக்கொண்டிருந்தபோதுதான் ஒரு வரவேற்பு வீடியோ வந்தது. கோணேசர் கோவிலில் பகலில் தாலி கட்டு, இரவு மண்டபத்தில் வரவேற்பு. மண்டப வெளிச்சம் போதாது, 4கே முழுக்கப் புள்ளி புள்ளியாக நொய்ஸ். டாவின்சி ரிசால்வ் ஸ்டூடியோ என்ற எடிட்டிங் மென்பொருளில் புள்ளிகளைக் குறைக்கும் டெம்பரல் நொய்ஸ் ரிடக்ஷன் போட்டு, மேலே இரண்டு திருத்தம் சேர்த்ததும் ஜிபியு (கிராபிக்ஸ் கார்ட்) நினைவகம் நிறைந்துவிட்டது என்று செய்தி வந்து நின்றது. 3060-இல் இதே மாதிரியான வேலைகளைக் கன தடவை செய்திருக்கிறேன், இப்படி நின்றதில்லை. நொய்ஸ் ரிடக்ஷன் முன்னும் பின்னும் உள்ள பிரேம்களையும் ஒன்றாக நினைவகத்தில் வைத்திருக்கும். அந்த இடத்தில் சிப் எவ்வளவு வேகம் என்பது உதவவில்லை.

இன்னொன்று. 4060 மதர்போர்டோடு பேசுவது 8 லேனில் (தரவு போகும் வழிகளில்) தான், 3060-க்கு 16 லேன். புதிய மதர்போர்டில் கார்ட் செருகும் இணைப்பான பிசிஐஇ-இன் 4.0 தலைமுறை இருப்பதால் பரவாயில்லை. என்னுடையது பி450 மதர்போர்ட், ரைசன் 5 3600 புரொசசர். அதில் 3.0தான். எனவே 4060-க்கு நொடிக்கு ஏறக்குறைய 8 ஜிபி பாதைதான் கிடைக்கிறது, 3060-க்கு அதன் இரண்டு மடங்கு. கார்டின் 8 ஜிபி நினைவகத்துக்குள் வேலை அடங்கும்வரை இது கண்ணில் படாது. சித்தியின் மகன் ஒரு விளையாட்டில் டெக்ஸ்சரை (பொருட்களின் மேற்பரப்புப் படங்களின் தரத்தை) உச்சத்தில் வைத்ததும் படம் இழுபட்டு இழுபட்டு நின்றது. ஒரு படி குறைத்ததும் சரியாகிவிட்டது. பழைய மதர்போர்ட் வைத்திருப்பவர்கள் இதைக் கட்டாயம் கவனியுங்கள்.

கமராவில் 4:2:2 10 பிட் எச்.265 என்ற வீடியோ வடிவில் எடுப்பவர்களுக்கு: இரண்டு கார்டுமே அதை டிகோட் பண்ணாது. என்விடியாவில் ஆர்டிஎக்ஸ் 50 தொடரில்தான் அது வந்தது. நான் இப்போதும் புரொக்சி (எடிட்டிங்குக்கான இலகுவான நகல்) செய்துதான் வெட்டுகிறேன். வீடியோவை ஏவி1 என்ற வடிவில் வெளியே எடுக்க வேண்டும் என்றால் 4060 வேண்டும். 3060 ஏவி1-ஐ வாசிக்கும், எழுதாது.

கிண்ணியாவில் இருந்து

மேலே உவர்மலை அண்ணா எழுதியதோடு ஒரு எச்சரிக்கை. நான் பாவித்த 3060 ஒன்றை ஒரு கடையில் வாங்கினேன். பெயர் சரி, 3584 கோரும் சரி. வீட்டுக்கு வந்து, கார்டின் விபரம் காட்டும் ஜிபியு-இசட் மென்பொருளைத் திறந்தால் 8 ஜிபி, 128 பிட். 2022 கடைசியில் அதே பெயரில் 8 ஜிபி வகை ஒன்றும் வந்தது, அதன் நினைவக வேகம் நொடிக்கு 240 ஜிபிதான். கடைக்காரர் 12 ஜிபி என்று சொல்லித்தான் தந்தார், திருப்பி எடுக்க மறுத்துவிட்டார். காசு கொடுக்க முன் கடையிலேயே ஜிபியு-இசட் திறந்து பஸ் விட்த் என்ற இடத்தில் 192 இருக்கிறதா என்று பாருங்கள். 2022 செப்டெம்பர் 15-இல் கார்டுகளை ஓடவிட்டு எதீரியம் என்ற டிஜிட்டல் நாணயம் சம்பாதிக்கும் மைனிங் நின்ற பிறகு கைமாறிய கார்டுகளும் கன இருக்கின்றன. மின்விசிறி நேராகச் சுற்றுகிறதா, முழு வேலையில் அரை மணித்தியாலம் தாங்குகிறதா என்றும் பார்த்து எடுங்கள்.

நிலாவெளியில் இருந்து

எங்கள் வீடு கடலில் இருந்து கூப்பிடு தூரம். இரண்டு வருடத்தில் என் கார்டின் பிராக்கெட் ஆணி துருப்பிடித்து, ஹீட்சிங்க் தகடுகளில் வெள்ளைப் பொடி பிடித்துவிட்டது. ஒரு நாள் திரை வரவே இல்லை. கார்ட் செத்துவிட்டது என்று அழாத குறை. கழற்றி, ஸ்லொட்டுக்குள் செருகும் பொன்நிற முனையை ஐசோபுரோப்பைல் அல்ககோலால் துடைத்து, ஸ்லொட்டையும் ஊதிப் போட்டேன், வந்துவிட்டது. எந்தக் கார்டாக இருந்தாலும் கடற்கரைப் பக்கம் யன்னலோரம் பெட்டியை வைக்காதீர்கள்.

உவர்மலையில் இருந்து, மறுபடியும்

நிலாவெளித் தம்பி சொன்னதைப் படித்துவிட்டு, என் 3060-ஐத் திரும்பப் போட முன் அதன் பொன்நிற முனையையும் துடைத்தேன். பஞ்சில் பச்சையாக ஒட்டிக்கொண்டு வந்தது. 4060 சித்தி வீட்டுக்குப் போய்விட்டது. அவனுடைய புது மதர்போர்டில் சைபர்பங்க் 2077 விளையாட்டை பிரேம் ஜெனரேஷனோடு (இடையிடையே கூடுதல் பிரேம்களைக் கார்டே உருவாக்கிச் சேர்ப்பது) போட்டுக் காட்டினான், என்விடியாவின் அந்த வசதி 3060-இல் இல்லை, பார்க்க அவ்வளவு வழுவழுப்பு. நான் வீட்டுக்கு வந்து நின்றுபோன அந்த வரவேற்புப் பகுதியை 12 ஜிபியில் ஏற்றினேன். விடிய நாலு மணிக்கு ஒரு தடவையும் நிற்காமல் முடிந்தது.