உறவினர் முன்னிலையில் விசுவாசத்தைச் சொல்லும் தைரியம் எங்கிருந்து வரும்?

கேள்வி: புதுத்தளிர்

கிறிஸ்துவுக்குள் அன்பானவர்களுக்கு ஸ்தோத்திரம். எங்கள் குடும்பத்தில் ஆண்டவரை ஏற்றுக்கொண்டவள் நான் ஒருத்திதான். அடுத்த மாதம் அக்கா வீட்டுக் கிரகப்பிரவேசத்திற்கு உறவினர் அனைவரும் கூடுகிறார்கள். ‘நெற்றியில் பொட்டு எங்கே? யார் உன் மனதைக் கெடுத்தது? எவ்வளவு பணம் கொடுத்தார்கள்?’ என்று பெரியப்பா எல்லார் எதிரிலும் கேட்பார் என்பது உறுதி. எதையாவது சொல்லிச் சமாளித்துவிடு என்கிறார் அம்மா. எனக்கு மறைக்க மனமில்லை. ஆனால் அவர் குரலை உயர்த்தினாலே எனக்கு நா எழாது. இயல்பிலேயே பயந்த சுபாவம் உள்ளவர்களுக்கு இந்தத் தைரியம் எப்படி வரும்?

பதில்: ஓய்வுபெற்ற ஆசிரியர்

சகோதரி, பிரதான ஆசாரியனின் முற்றத்தில் ஒரு வேலைக்காரப் பெண் கேட்ட கேள்விக்கே நடுங்கி, இயேசுவை அறியேன் என்று மறுதலித்த சீடர் பேதுருதான், அதிகக் காலம் ஆவதற்குள் யூத மதத் தலைவர்களான அன்னாவும் காய்பாவும் அமர்ந்திருந்த ஆலோசனைச் சங்கத்தின் நடுவில் நின்று, இயேசுவின் நாமத்தினாலேயே பிறவிச் சப்பாணியான ஒருவன் குணமானான் என்று அறிக்கையிட்டார். இடையில் உயிர்த்தெழுந்தவரைக் கண்டார், பரிசுத்த ஆவியைப் பெற்றார். அதனால் அவருடைய சுபாவம் முற்றிலும் மாறிவிட்டது என்று நினைக்க வேண்டாம், ஏனெனில் பின்னாளில் அந்தியோகியாவில் சிலருக்குப் பயந்து, யூதரல்லாத விசுவாசிகளோடு உண்ட பந்தியை விட்டு அவர் விலகியதைக் கலாத்தியர் 2-ஆம் அதிகாரம் மறைக்காமல் சொல்கிறது. எனவே தைரியம் ஒருமுறை பெற்றுப் பத்திரப்படுத்தும் பொருளன்று. அப்போஸ்தலர் 4-ஆம் அதிகாரத்தின் பிற்பகுதியில், பயமுறுத்தி அனுப்பப்பட்டவர்கள் தங்கள் கூட்டத்தாரிடம் வந்து ஜெபிக்கும்போது, எதிர்ப்பை நீக்கும்படி கேட்கவில்லை. அப்போதுதான் துணிந்து பேசிவிட்டு வந்தவர்கள், மறுபடியும் தைரியத்தையே கேட்டார்கள். அப்போஸ்தலர் பவுலும் சிறையில் விலங்கிடப்பட்டிருந்தபடியே, தாம் தைரியமாகப் பேசுவதற்காக வேண்டிக்கொள்ளும்படி எபேசு சபைக்கு எழுதினார். உங்கள் சபையில் நம்பிக்கையான இரண்டொருவரிடம் அந்த நாளையும் நேரத்தையும் சொல்லி ஜெபிக்கச் சொல்லுங்கள்.

பதில்: குமரிக்காரன்

நான் கத்தோலிக்கன், ஆயினும் எங்கள் மாவட்டத்துப் புனிதர் தேவசகாயம் பிள்ளையைப் பற்றிச் சொல்லலாம் அல்லவா? 1712-இல் நட்டாலத்தில் பிறந்து, மார்த்தாண்ட வர்மரின் திருவிதாங்கூர் அரசில் பணியாற்றிய நீலகண்ட பிள்ளை, குளச்சல் போரில் டச்சுத் தரப்பில் நின்று தோற்று, பின்னர் மன்னரின் படையில் சேர்ந்துவிட்ட டி லனாயிடம் தம் குடும்பத் துயரத்தைச் சொல்லப்போய், துன்பத்திலும் விசுவாசம் தளராத யோபுவின் கதையைக் கேட்டு விசுவாசத்திற்கு வந்தார். 1745-இல் வடக்கன்குளத்தில் திருமுழுக்குப் பெற்றார். அவரை எருமையின் மேல் ஏற்றி ஊர் ஊராகக் கொண்டுபோனதையும், 1752 ஜனவரி 14-ஆம் தேதி ஆரல்வாய்மொழிக்கு அருகில் காற்றாடிமலையில் சுடப்பட்டதையும் எல்லாரும் பேசுவார்கள். அதைவிட, அவர் தம் விசுவாசத்தைத் தம் மனைவி பார்கவியிடமும் பேசினார் என்பதே உங்களுக்குப் பயன்படும். அந்த அம்மையாரும் திருமுழுக்குப் பெற்று ஞானப்பூ ஆனார். உங்கள் அக்காவிடம் முதலில் மனம்விட்டுப் பேசியிருக்கிறீர்களா?

பதில்: மதுரை வாசகர்

மேலே இருவரும் சொன்னது சரியே. ஆனால் துணிச்சல் என்ற பெயரில் சில வாலிபர்கள் வீட்டுப் பூஜையறையைப் பழித்துப் பேசுவதை நான் கண்டிருக்கிறேன், அது சாட்சியாகாது. எபேசுவில் கலகம் மூண்டபோது, இவர்கள் உங்கள் தேவியைத் தூஷிக்கவில்லை என்று நகரத்துச் சம்பிரதியே (நகர அலுவலர்) கூட்டத்தாரிடம் சொல்லும்படிதான் பவுலின் கூட்டாளிகள் நடந்துகொண்டிருந்தார்கள். பதில் சொல்ல ஆயத்தமாயிருங்கள் என்று எழுதிய பேதுரு, அதைச் சாந்தத்தோடும் வணக்கத்தோடும் சொல்லவும் சொன்னார். ஆகவே மூன்று வாக்கியங்களை முன்னதாகவே சொல்லிப் பழகுங்கள்: ‘பெரியப்பா, யாரும் எனக்குப் பணம் தரவில்லை. இயேசுவை நம்பி ஜெபிக்கிறேன். உங்கள் மேல் எனக்குள்ள மரியாதை கொஞ்சமும் குறையவில்லை.’ அதற்குமேல் அந்தப் பந்தலில் வாதம் வேண்டாம். விசேஷம் உங்கள் அக்காவினுடையது.

புதுத்தளிர்

மிக்க நன்றி ஐயா. அக்காவிடம் இன்னும் முழுமையாகப் பேசவில்லை, இந்த வாரம் பேசுகிறேன். விசேஷத்திற்கு முன்பே பெரியப்பாவை அவர் வீட்டில் போய்ப் பார்ப்பது முறையாகுமா?

ஓய்வுபெற்ற ஆசிரியர்

தாராளமாகப் போகலாம். கூட்டத்தின் முன் குரலை உயர்த்துகிற பெரியவர்கள் பலர், தனியாகத் தேடி வந்த பிள்ளையிடம் அப்படிப் பேசுவதில்லை. அக்காவையும் அழைத்துப் போங்கள். அவர் கேட்க மறுத்தால், கொடுக்கிற காப்பியைக் குடித்துவிட்டு, ‘பிறகு வருகிறேன் பெரியப்பா’ என்று சொல்லித் திரும்பிவிடுங்கள்.